வெர்லீன் மிஸ் சொன்ன ஒரு சொல்

வெர்லீன் டிட்வெல் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, பக்கத்து அறையில் நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நான் அனுப்பி வைக்கும் பிள்ளைகளை அவள் வாங்கிக்கொள்வாள். எங்கள் மாநிலத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். வாசிப்புத் தேர்வில் தேறாத பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போக முடியாது என்று சட்டம். தேறாதவர்கள் அதிகமானால் பள்ளிக்குக் கெட்ட பெயர், ஆசிரியைக்குத் தலைவலி. வெர்லீன் மட்டும் வேறு வகுப்பு கேட்டதே இல்லை. பெரிய உடம்பு, கனத்த குரல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் பாட ஆரம்பித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. பிள்ளை கிடையாது.

கெசையா போல்டன் அவள் வகுப்புக்கு வந்தது இரண்டாவது தடவையாக மூன்றாம் வகுப்பு படிக்க. முதல் தடவை வேறோர் ஆசிரியையிடம் படித்துத் தேறாமல் போனவள். பத்து வயது, வளர்ந்த உடம்பு. சின்ன மேசைக்கு அடியில் முழங்கால் நுழையாது. "எங்க க்ளாஸ்ல ஒரு அம்மா உக்காந்திருக்கு" என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும். அவள் திரும்பி ஒரு வார்த்தை பேச மாட்டாள். தாய் டொரிண்டாவுக்குக் கெளுத்தி மீன் ஆலையில் வெட்டும் வேலை. விடிவதற்குள் போய்விடுவாள்.

மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மாநிலம் எழுதி வைத்திருக்கிறது. கதையின் மையக் கருத்தைச் சொல்ல வேண்டும், பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று காரணம் காட்ட வேண்டும். இதையெல்லாம் யார் வேண்டாம் என்பார்கள்? சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. அந்தத் தரத்தை எட்டவைக்கிறோம் என்று விற்கப்பட்ட பாடத்திட்டம் ஒன்றைக் கல்வி அலுவலகம் வாங்கியிருந்தது. எந்த நாள் எந்தப் பக்கம், ஆசிரியை என்ன கேட்க வேண்டும், பிள்ளை என்ன சொல்லும் என்பதுவரை அதில் அச்சாகியிருக்கும். கெசையாவுக்கு வேண்டியதோ முதல் வகுப்புப் பாடம். எழுத்துகளைச் சேர்த்து ஒலிக்கவே அவளுக்குச் சரியாக வராது. அந்தப் பாடம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கிடையாது.

வெர்லீன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத்தில் ஆரம்பித்தாள். கெசையாவோடு இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் அதுவரை தாமாக ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். குளிர்காலம் வருவதற்குள் வெர்லீன் பாட அட்டவணையில் மிகவும் பின்தங்கிவிட்டாள்.

அலுவலகத்திலிருந்து கோலெட் என்று ஒரு இளம்பெண் வகுப்புகளைப் பார்வையிட வருவாள். நல்ல பெண்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளும் வகுப்பறையில் நின்றவள். கையிலிருந்த திரையில் குறித்துக்கொண்டே, இன்றைக்கு இருக்க வேண்டிய பாடம் எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைங்களால வாசிக்கவே முடியாதே, கோலெட்."

"எனக்குத் தெரியும் மிஸ். ஆனா தேர்வு அந்தப் பாடத்துலேருந்துதானே வரும்? நீங்க கீழேயே நின்னுட்டா இவங்க மேல இருக்கறதைப் பாக்காமலே போயிடுவாங்க."

இதை என்னிடம் சொன்னபோது வெர்லீனுக்குக் கோபமில்லை, பயந்திருந்தாள். "அவ சொல்றதும் சரிதான் ஆர்லெட்டா. நான் சொல்றதும் சரிதான். நடுவுல அந்தப் பொண்ணு நிக்குது" என்றாள்.

தலைமை ஆசிரியர் பிராட்நாக்ஸ் அவளைக் கூப்பிட்டு, வசந்தத்துக்குள் வகுப்பு அட்டவணைக்கு வந்து சேராவிட்டால் அடுத்த வருஷம் வேலை நிச்சயமில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அன்றிலிருந்து பகலில் புத்தகத்தில் உள்ளபடி நடத்தினாள். கெசையாவுக்கு மட்டும் காலை மணி அடிக்குமுன் சாப்பாட்டுக் கூடத்தில் பாடம். அந்தப் பெண் சோளக்கஞ்சியை ஒரு கையால் அள்ளிக்கொண்டே மறுகை விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு ஒலிப்பாள். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் உண்டு, அதை நம்பு என்று வெர்லீன் திரும்பத் திரும்பச் சொன்னாள். கெசையாவும் நம்பினாள். பிப்ரவரியில் முதல்முறையாக ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்தபோது, சமையல்கார அம்மாள் கரண்டியோடு வெளியே வந்து நின்று கேட்டாள்.

ஏப்ரல் தேர்வில் கெசையா கொஞ்சத்தில் தவறவிட்டாள். கொஞ்சம்தான் என்று வெர்லீன் டொரிண்டாவிடம் சொன்னபோது, "கொஞ்சம்னாலும் கீழதானே மிஸ்" என்று மட்டும் சொன்னாளாம். மே மாதம் மறுதேர்வு. அதுவும் போனால் கோடையில் கடைசி வாய்ப்பு ஒன்று உண்டு. மூன்றாம் தடவையும் அதே வகுப்பு என்றால் பள்ளிக்கே வர மாட்டேன் என்று கெசையா தாயிடம் சொல்லியிருந்தாள்.

மறுதேர்வு கணினி அறையில் நடந்தது. வெர்லீன் மேற்பார்வை. அலுவலகத்தின் சார்பில் கோலெட் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததை இரண்டு பேரும் பின்னால் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

திரையில் வந்த கதை ஒரு தீவைப் பற்றியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நடுவில் ஓர் 'எஸ்' உண்டு, வாயில் வராது. கெசையா விரலைத் திரையில் வைத்து, சொல்லிக்கொடுத்தபடியே எல்லா எழுத்தையும் ஒலித்தாள். "இஸ்... லேண்ட்." அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே. கதையில் வரிக்கு வரி அந்தச் சொல்தான். வெர்லீன் பின்னால் நின்று பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குத் தீவு தெரியும். மாமாவோடு ஆற்று நடுவிலிருக்கும் மணல் தீவுக்குப் படகில் போய் மீன் பிடித்துவிட்டு வருகிறவள். தேர்வின்போது மேற்பார்வை ஆசிரியை உதட்டைக்கூட அசைக்கக் கூடாது என்று வெர்லீன் வருஷாவருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான். கெசையாவின் கண்ணில் தண்ணீர் கட்டி, விரல் திரையை விட்டு இறங்கியது.

வெர்லீன் குனிந்து, "ஐலண்ட்" என்றாள்.

கெசையா நிமிர்ந்து பார்த்துவிட்டு வேகமாக வாசிக்கத் தொடங்கினாள். கோலெட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

தேர்வு முடிந்ததும் கோலெட் நடைபாதையில் வெர்லீனை நிறுத்தினாள். "மிஸ், நான் கேட்டேன். கேக்கலைன்னு நான் எழுதினா என் ஆசிரியர் உரிமமும் போயிடும். எனக்கு ரெண்டு சின்னப் பசங்க" என்று சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். வெர்லீன் அவள் தோளைத் தட்டி, எழுதும்மா என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள்.

கெசையாவின் தேர்வு செல்லாது என்று அறிவித்தார்கள். மதிப்பெண் என்ன வந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தேன், சொல்ல விதியில்லை என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் டொரிண்டா வெர்லீன் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். ஆலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உங்களை யாரு மிஸ் சொல்லச் சொன்னது? அவ தானா தோத்துட்டு வந்திருந்தா நான் மடியில போட்டுத் தேத்தியிருப்பேன். இப்ப என்ன சொல்றா தெரியுமா? என்னாலதான் மிஸ்ஸுக்கு வேலை போகுது, நான் அந்த வார்த்தையில நிக்காம இருந்திருக்கணும்கறா. சோறு எறங்கலை அவளுக்கு."

"நான் வந்து பேசட்டுமா டொரிண்டா?"

"வேண்டாம். நீங்க வந்தா அவ இன்னும் அழுவா."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து வெர்லீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

கோடைத் தேர்வுக்குக் கெசையா வந்தாள். வாசிக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் விடையை அழுத்திக்கொண்டே போய், மற்றப் பிள்ளைகள் முதல் கதையை முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாளாம்.

ஆகஸ்டில் வெர்லீனின் விசாரணை தலைநகரில் நடந்தது. நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். சொன்னீர்களா? சொன்னேன். விதி தெரியுமா? தெரியும். அப்படியானால் ஏன்?

"அவளுக்குத் தீவு தெரியும் சார். அந்த எழுத்துதான் அவளை ஏமாத்துச்சு. எழுத்தை நம்புன்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

ஒருத்தருக்கு ஒரு சொல் என்று விட்டால் மாநிலம் முழுக்க என்னவாகும் என்று யோசித்தீர்களா என்று அதிகாரி ஒருவர் கேட்டார். யோசிக்கவில்லை என்றாள் வெர்லீன். உரிமத்தை ரத்து செய்தார்கள். திரும்பி வரும்போது ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தச் சொல்லி, கழிப்பறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டினேன். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம்தான் கேட்டது.

அடுத்த வருஷம் அவள் வகுப்பைப் புதுப் பெண் ஒருத்தி எடுத்தாள். அட்டவணையில் ஒரு நாள்கூடப் பின்தங்கவில்லை. வெர்லீன் நெடுஞ்சாலையோர மலிவு விலைக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். பழைய மாணவர்கள் வந்தால் வேறு வரிசைக்கு ஒதுங்கிப் போகிறார்கள். அவள் சங்கடப்படுவாள் என்று அவர்களுக்கு எண்ணம்.

டொரிண்டா மகளோடு வடக்கே தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மாநிலத்தில் இப்படிச் சட்டம் கிடையாது. வயதைக் கேட்டு, கெசையாவை நேரே ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்களாம். தன் உயரத்துக்குச் சரியான மேசை, கேலி செய்ய ஆளில்லை, சந்தோஷமாகப் போய்வருகிறாள் என்று டொரிண்டா போனில் சொன்னாள்.

அதைச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். வெர்லீன் பெட்டியில் சில்லறையை அடுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன்.

"அஞ்சாம் வகுப்பா?" என்றாள். "அங்க எல்லாரும் வாசிக்கத் தெரிஞ்ச பசங்களாச்சே. இவ இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கறான்னு அங்க யாருக்காவது தெரியுமா?"

அவர்கள் கேட்டதாகவோ தான் சொன்னதாகவோ டொரிண்டா எதுவும் சொல்லவில்லை என்றேன்.

"அவ வாய் தொறந்து சொல்ல மாட்டா ஆர்லெட்டா. கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்குவா."

அந்தப் பள்ளியின் பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. டொரிண்டாவிடம் கேட்டு வாங்கு, அங்கே இருக்கும் ஆசிரியையிடம் பேச வேண்டும் என்றாள். பேசினால் தன்னை யார் என்று சொல்லிக்கொள்வாள், இப்போது ஆசிரியைகூட இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு பலமுறை டொரிண்டாவுக்குப் போன் போட்டேன். அந்த எண் இப்போது வேலை செய்வதில்லை.