மெயின் வில்லனும் மூணாவது தண்ணியும்

எனக்கு அம்மை வார்த்த அந்த மே மாதத்தைப் போலக் குதூகலமான நாட்கள் எனக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உடம்பெல்லாம் கொப்புளம், வாயில் உப்பு சப்பில்லாத கஞ்சி, இதில் குதூகலம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கேசட் அப்போது எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் கடை இருந்தது. வீடியோ கேசட்டும் டிவி கேமும் வாடகைக்கு விடும் கடை; காசு கொடுத்து அங்கேயே உட்கார்ந்தும் ஆடலாம். டிவி கேமில் செருகும் பிளாஸ்டிக் டப்பாவையும் நாங்கள் கேசட் என்றுதான் சொல்வோம். கடையில் இருந்த கேசட்டுகளில் முக்கால்வாசி பித்தலாட்டம். மேலே ஆயிரம் ஆட்டம் என்று போட்டிருக்கும்; உள்ளே நாலைந்து ஆட்டம்தான் கலர் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கும். ஆனால் ஒரே ஒரு கேசட் அப்படியில்லை. அதன் மேல் படம் கிடையாது, பெயர் கிடையாது, ஏதோ ஜப்பான் எழுத்து மட்டும் பாதி அழிந்து நிற்கும். அது எப்படி வந்தது என்று பாய்க்கே தெரியாது. பர்மா பஜாரில் மொத்தமாக அள்ளிய மூட்டையில் இருந்ததாம். திரும்பப் போய்க் கேட்டபோது அப்படி ஒரு கேசட்டை நாங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

அதில் ஒரு குட்டி ஏரோப்ளேன் இடமிருந்து வலமாகப் பறந்துகொண்டே இருக்கும். பின்னால் கடல், மலை, ஊர் எல்லாம் நகர்ந்து வரும். எதிரில் வருவதையெல்லாம் சுட வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் திரை சட்டென்று நின்றுவிடும். பாட்டு மாறும். வில்லன் வருவான்.

எப்பேர்ப்பட்ட வில்லன்கள்! முதலில் ஒரு ராட்சச நண்டு, தன் கொடுக்கையே கழற்றி வீசும். அடுத்தது ஒரு ரயில். எங்கள் பீச் ஸ்டேஷன் வண்டி மாதிரியே மூஞ்சி, ஒவ்வொரு பெட்டியாகக் கதவைத் திறந்து குண்டு போடும். அப்புறம் ஒரு கடிகாரம், முள்ளைச் சுழற்றிச் சுழற்றி வெட்டும். இதற்கெல்லாம் மேலே கடைசியில் ஒரு மெயின் வில்லன். அதைக் கண்ணால் பார்த்தவர் கடையில் யாருமில்லை, பார்த்ததாகச் சொன்னவர்கள்தான் அதிகம். இரும்புலியூரிலிருந்து சைக்கிளில் வரும் ஒருவன் அது தீ கக்கும் பாம்பு என்று சத்தியம் செய்தான். இன்னொருவன், அதை ஜெயித்தால் டிவியே வெடித்துவிடும், அதனால்தான் ஜப்பானில் தடை செய்துவிட்டார்கள் என்றான். நாங்கள் இரண்டு பேரையும் நம்பினோம்.

பரீட்சை முடிந்து, அப்பாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, டிவி கேமையும் அந்தக் கேசட்டையும் ஒரே ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை கண் விழித்தால் மார்பிலும் முதுகிலும் முத்து முத்தாகக் கொப்புளம்.

அம்மா ஒரு நொடி பார்த்தாள். உடனே கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைத்தான். "வந்துட்டியா தாயே" என்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வாசலில் வேப்பிலை ஏறியது. அக்காவுக்கு அதுவரை அம்மை வார்த்ததில்லை. அவளைப் பீர்க்கன்கரணை சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. யாரும் உள்ளே வரக்கூடாது, வீட்டிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம்: பிள்ளையின் மேல் இறங்கியிருப்பவள் மாரியம்மா, அதனால் அவள் வாய் திறந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது, கோபப்படவும் கூடாது.

பன்னிரண்டு வயசுப் பையனிடம் இப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலைதான்.

"டிவி கேம் வேணும்" என்றேன்.

"கண்ணுக்குச் சூடு. அதெல்லாம் முடியாது" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. அவ கேக்கறா" என்றாள் அம்மா. அப்பா வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படி யாரும் அடக்கியிருக்க மாட்டார்கள்.

கேசட்டைத் திருப்பித் தர முடியாது என்று சொல்ல, ஆபீஸ் போகும் வழியில் அப்பா கடைக்குப் போனார். சண்டை வரும் என்று பயந்துகொண்டே போயிருக்கிறார். பாய் பதறிவிட்டாராம். "இன்னா சார் நீ, அம்மா வந்துகீற வூட்டுலேர்ந்து எதையும் எடுத்தாராத. மூணாவது தண்ணி ஊத்திட்டு அப்பால வா, போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாராம். முத்து காயக் காய, ஒன்றிரண்டு நாள் விட்டு விட்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாவது தண்ணீரோடு அம்மன் கிளம்பிவிடுவாள், கேசட்டும் கிளம்பிவிடும். அதற்குள் மெயின் வில்லனைப் பார்த்து, அவனைத் தாண்டிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். கடையில் வரிசையில் நின்று ஆடி, இருந்த உயிரையெல்லாம் கோட்டைவிட்ட அத்தனை பேரின் மூஞ்சியும் கண் முன்னால் வந்து போனது.

ஆனால் அந்த ஆட்டத்தைத் தனி ஆளாக ஆடிக் கிழிக்க முடியாது. இரண்டு பேர் ஆடினால் இரண்டு ஏரோப்ளேன், நடுவில் ஒருவர் செத்தாலும் ஸ்டேஜ் தொடரும். வீட்டில் இருந்ததோ அம்மா மட்டும்தான்.

"நீயும் ஆடணும்" என்றேன்.

"எனக்கு இதெல்லாம் எங்கடா..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி தாயே" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் படு மோசம். ஏரோப்ளேன் மேலே போனால் அவளும் சேர்ந்து எழுந்தாள், கீழே போனால் குனிந்தாள். சுடும் பட்டனை மறந்தே போனாள். "சுடு, சுடு" என்று நான் கத்த, "அது பாட்டுக்குப் போவுது, அத எதுக்குச் சுடணும்?" என்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் சாகவே மாட்டாள். குண்டுகளுக்கு நடுவில் இருக்கும் துளியூண்டு சந்தில் நுழைந்து, நின்று, அடுத்த சந்துக்குப் போய்விடுவாள். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, லாரியும் பஸ்ஸும் சீறும் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பவளுக்கு இது ஒரு பொருட்டா! அவள் தப்பித்துக்கொண்டே இருப்பாள், நான் சுட்டுக்கொண்டே இருப்பேன். நண்டு போயிற்று. ரயில் போயிற்று. கடிகாரத்திடம் மட்டும் அவளாலும் தப்ப முடியவில்லை; திரும்பத் திரும்பச் செத்தோம்.

கஞ்சி ஆறிப்போகும். வேப்பங்கொத்தால் முதுகைத் தடவிக்கொண்டே நான் அடுத்த ஆட்டத்துக்கு அவசரப்படுத்துவேன். முதல் தண்ணீர் ஊற்றினார்கள், இரண்டாவதும் ஊற்றினார்கள். வழக்கமாக நின்றுகொண்டே சாப்பிடுகிற அம்மா மத்தியானம் முழுக்கத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மூணாவது தண்ணி. அதற்கு முந்தின மத்தியானம் நாங்கள் கடிகாரத்தைத் தாண்டினோம்.

நான் கூச்சல் போட்டேன். அதே நேரம் பிரிட்ஜ் ஓடத் தொடங்க, வோல்டேஜ் குறைந்து டிவிப் படம் நாலு பக்கமும் சுருங்கியது. படம் போனால் எல்லாம் போச்சு. அந்த ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர வழியே இல்லை. அம்மா எம்பிப் பிரிட்ஜை அணைத்தாள், ஃபேனையும் அணைத்தாள். வேர்வை கொப்புளத்தில் பட்டு எரிந்தது. யாருக்கு வேண்டும் ஃபேன்!

திரை கறுத்தது. உடுக்கை மாதிரி ஒரு சத்தம். மெயின் வில்லன் வந்தான்.

வில்லன் இல்லை. பெண். திரையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சிவந்த முகம். தலையைச் சுற்றித் தீ. நீட்டிய நாக்கு. இரண்டு பக்கமும் எண்ண முடியாத கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆயுதம். ஜப்பான்காரன் எதைப் பார்த்து வரைந்தானோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஹாலில் அந்த நேரத்தில் அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அம்மா ஜாய்ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினாள். அவள் ஏரோப்ளேன் வெடித்தது.

"என்னம்மா பண்றே! சுடு!"

"ஐயோ, சுடாத! மாரியம்மா அது!"

"அது பொம்மைம்மா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் பாடு எல்லாம் வீண். கடைசியாகக் கையிலிருந்த பிரம்மாஸ்திரத்தையும் எடுத்தேன். "நான் கேட்டா இல்லன்னு சொல்லக்கூடாது இல்ல? நான் கேக்கறேன். சுடு."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அரண்டுபோன முகம். "ஒம்மேல இருக்கறவளையே என்னைச் சுடச் சொல்றியா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை அந்த அம்மன் விவகாரம் எனக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். அந்த நொடியில் நிஜமாகவே பயந்தேன். உடம்பு முழுக்க ஊறலெடுத்தது. பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

"சரி, சுடல. சாகாமலாவது இரு" என்றேன். அம்மா மெதுவாக ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அவளுடைய இன்னொரு ஏரோப்ளேன் வந்து நின்றது. இரண்டு பேரும் சும்மா விலகிக்கொண்டே இருந்தோம். சக்கரம் வந்தது, விலகினோம். நெருப்புருண்டை வந்தது, விலகினோம். சூலம் சூலமாக மழை வந்தது; அதில் நான் போனேன். என் கடைசி உயிர். இனி அம்மா மட்டும்தான், அவளுக்கும் அதுவே கடைசி.

"மேல போ! மேல! கீழ, கீழ!"

"வாய மூடு தாயே" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வாயை மூடினேன். அம்மா இமைக்கவே இல்லை. அந்தக் குட்டி ஏரோப்ளேன் சூலங்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தது, ஒரு குண்டுகூடச் சுடாமல். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. திடீரென்று உடுக்கைச் சத்தம் நின்றது. அந்த முகம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அப்படியே மெல்ல மேலே எழும்பி, திரையை விட்டுப் போயே போய்விட்டது. திரை வெளுத்து, ஜப்பான் எழுத்துகள் வரிசையாக ஓட, சாயங்காலக் கடலுக்கு மேல் அம்மாவின் ஏரோப்ளேன் மட்டும் தனியாகப் பறந்தது.

அம்மாவும் நானும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் ஓடி வந்துவிட்டார்கள். "என்னங்க, பையனுக்கு ஜன்னி கின்னி கண்டுடுச்சா?"

"இல்லக்கா, ஜெயிச்சுட்டோம்!" என்று உள்ளிருந்தே கத்தினாள் அம்மா. எதில் என்று அந்த அக்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

குறிப்பிட்ட நேரம் வரை உயிரோடு இருந்தால் இந்த மாதிரி ஆட்டங்களில் வில்லன் தானாகவே போய்விடுவதுண்டு என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். அது சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு யாராவது அப்படி விளக்கியிருந்தால் அடித்திருப்பேன்.

மறுநாள் காலை மூணாவது தண்ணீரை ஊற்றினார்கள். வாசல் வேப்பிலையை எடுத்தார்கள். அடுக்களையில் கடுகு வெடித்தது. அம்மா மறுபடி நின்றுகொண்டே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷமெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்கு அழ வேண்டும் போலிருந்தது. ஹாலில் அப்பா டிவி கேமைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கேசட்டையும் உருவி உள்ளே போட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. இனி நான் கேட்டால் கிடைக்காது என்பது எனக்கே தெரியும்.

அம்மா கரண்டியோடு அடுக்களை வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே" என்றாள்.

"அதான் தண்ணி ஊத்தியாச்சே. இனிமே இவன் கேக்கறதெல்லாம் குடுக்கணும்னு ஒண்ணும் இல்ல."

"அவன் கேக்கல" என்றாள் அம்மா. "நான் கேக்கறேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒரு புடவை, ஒரு சினிமா, எதையும் அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பையிலிருந்ததை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் என்னைக் கூப்பிட்டதெல்லாம் தாயே, தாயே என்றுதான்.

"வாடா" என்றாள்.