எங்கள் பாஸ்போட்டுகளுக்காக ஒரு மன்றாட்டு

ஆலயத்தில் எழுந்து நின்று சொல்ல வெட்கம். அதனால் எழுதித் தருகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன்.

1993இல் மன்னாரிலிருந்து என்னையும் மனைவி ஜெசிந்தாவையும் மகளையும் ஜெர்மனிக்கு வேலைக்கென்று எடுப்பித்தவர், பீலெஃபெல்டுக்கு அருகே உணவகம் நடத்திய ஒரு தமிழர். வந்த அன்றே எங்கள் பாஸ்போட்டுகளை வாங்கி அலுமாரியில் பூட்டினார். இரண்டு வருடம் அவருடைய குசினியில் சமைத்துக் கழுவி, அதற்கு மேலிருந்த அறையில் கிடந்தோம். சம்பளம் இல்லை. மகளைப் பள்ளிக்கூடம் விடவில்லை. "வெளியில கால் வைச்சா பொலிஸ் பிடிச்சு ஊருக்கு அனுப்பிப்போடும்" என்பார். சன்னலால் தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி ஜெபிப்பேன். ஒருவரும் மேலே பார்த்ததில்லை.

மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு மட்டும் கூட்டிப்போவார். பாடகர் குழுவை நடத்தியவரும் அவர்தான். யாராவது "சுகமோ?" என்று கேட்டால், அவர் பக்கத்தில் நிற்க, "ஓம்" என்பேன்.

1995 தவக்காலத்தில் மன்றாட்டு வாசிக்கும் முறை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. நோயாளிகளுக்காக என்று முதலாளியே எழுதித் தந்தார். ஒலிவாங்கிக்கு முன் தாளைப் பிரித்தேன். பயத்தில் எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. 'ஆண்டவரே, உதவும்' என்று உள்ளுக்குள் அழுதேன். வாயில் வந்தது இதுதான்: "முதலாளி பூட்டி வைத்திருக்கும் எங்கள் மூன்று பாஸ்போட்டும் எங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

ஆலயம் முழுவதும் பழக்கத்தில் பதில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." முதலாளியின் குரல்தான் உரத்துக் கேட்டது. பிறகே எல்லோரும் திகைத்தார்கள்.

பூசை முடிந்ததும் செல்வராணி அக்கா எங்களிடம் வந்தார். அதுவரை முகம் மட்டும் தெரிந்தவர். முதலாளியைப் பார்த்து, "ஏன் அண்ணை, இவையின்ர பாஸ்போட் உங்களிட்டைக் கிடக்குது?" என்றார்.

"இவன் ஒரு வெகுளி. துலைச்சுப்போடுவான் எண்டுதான்."

"அப்ப இப்பவே எடுத்துக் குடுங்கோ, நாங்களும் வாறம். நீங்களும் சேர்ந்துதானே 'கேட்டருளும்' எண்டு சொன்னனீங்கள்?"

யாரோ சிரித்தார்கள். ஆறு பேர் கூட வந்தார்கள். அன்று மத்தியானமே பாஸ்போட்டுகள் ஜெசிந்தாவின் கையில் இருந்தன.

இப்படி அடைபட்டவர்களை மீட்கப் பாடுபடும் ஜெர்மன் பெண்கள் சிலரை அக்காவுக்குத் தெரியும். ஆலயத்துப் பங்கு மனையில் எங்களுக்கு அறை எடுத்துத் தந்தார்கள். எங்கள் கதையைக் கேட்டு ஒருவர் அழுதார். "இதுக்குப் பேர் வேலை இல்லையாம், அடிமைத்தனமாம்" என்று அக்கா சொன்னார். அதற்கு ஒரு பெயர் உண்டென்றே எனக்குத் தெரியாது.

வதிவிட அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் சென்றது. அலுவலகங்களில் நேரம் குறித்து எடுத்த ஒவ்வொரு டெர்மினுக்கும் அந்தப் பெண்களில் ஒருவர் கூட வந்து உட்கார்ந்திருந்தார். பூசையில் மட்டும் எங்கள் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. "சாப்பாடு போட்டவரைக் காட்டிக்குடுத்தவை" என்று சிலர் சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு.

சனிக்கிழமைகளில் அந்தப் பெண்களோடு நானும் உணவகங்களின் பின்கதவுகளுக்குப் போகிறேன். தமிழர் யாரும் இருந்தால், "நானும் இப்பிடி இருந்தனான்" என்பேன். இனி இந்தத் தாளையும் கையில் கொடுப்பேன்.

பூட்டிய அறையில் இதை வாசிக்கிற சகோதரமே, மனதுக்குள் மட்டும் ஜெபித்து நிறுத்திவிடாதே. பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி மன்றாடு. ஆண்டவர் எனக்கு அனுப்பியது, என் மன்றாட்டைக் காதால் கேட்டவர்களைத்தான்.