மஞ்சள் விழுந்த வரி

தனம் அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. காலையில் பிரஸ்ஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், வாட்ஸ்அப்பில் அக்காவின் கணவர் அச்சடிக்க ஒரு மேட்டர் அனுப்பியிருந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு. கீழே அக்காவின் படம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள் மாலை, "போயிட்டு வரேன்டி, தக்காளி வாங்கணும்" என்று அரியலூர் பஸ்ஸைப் பிடித்த மனுஷி! தூக்கத்திலேயே மாரடைப்பாம்.

பெரம்பலூரில் எங்களிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். கீழப்பழுவூரிலிருந்து தினமும் பஸ் மாறி வந்து, என் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் டைப் அடித்தார். கல்யாண வீட்டார் ஒரு மேட்டர் கொடுப்பார்கள். திருத்தம் என்று இன்னொன்று அனுப்புவார்கள். எதைத் திருத்தினார்கள் என்று மட்டும் வாயே திறக்கமாட்டார்கள். நாங்கள் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்து முடிப்போம். அக்கா மட்டும் இரண்டு மேட்டரையும் எக்செல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, ஒத்துப்போகாத வரி மஞ்சளாகும்படி செய்து வைத்திருந்தார். "இதுக்குப் போயி எக்செல்லாக்கா? நீ பேசாம பேங்க் வேலைக்குப் போயிருக்கலாம்" என்று கிண்டல் செய்வேன். "வாசிச்சா இருக்கிறதுதான்டி கண்ணுல படும். இல்லாதது எப்புடிப் படும்?" என்பார்.

ஒரு பெயரை எடுத்துவிட்டால் போதும், அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரு வரி மேலேறி, திரையே மஞ்சளாகிவிடும். எனக்குத் தலை சுற்றும். அக்கா பதறாமல், சரியான இடத்தில் காலிக் கட்டம் ஒன்றை நுழைப்பார். மற்றவர்கள் அவரவர் இடத்துக்கு இறங்கி வெளுத்துவிடுவார்கள். ஒரு வரி மட்டும் மஞ்சளாக நிற்கும். "இவருதான் காணோம்" என்பார்.

உடையார்பாளையத்துப் பத்திரிகை ஒன்றில் அப்படிக் காணாமல் போனவர் பெண்ணின் தாய்மாமன். முதல் மேட்டர் பெண்ணின் அம்மா கொடுத்தது, திருத்தம் சித்தப்பா அனுப்பியது. பெயர் போடாத கல்யாணத்தில் எந்தத் தாய்மாமன் மண்டப வாசலை மிதிப்பார்? முதலாளியோ, "ஊர் வம்பு நமக்கெதுக்கும்மா? குடுத்தத அடிங்க" என்று கத்தினார். "அடிச்சிட்டா ஊருக்கே போயிடும் சார். இப்பன்னா ஒரு ஃபோனோட முடிஞ்சிடும்" என்றபடியே அக்கா பெண்ணின் அம்மா நம்பரைப் போட்டுவிட்டார். "ஏம்மா, உங்க தம்பி பேர நீங்க சொல்லித்தான் எடுத்தாங்களா?" அந்தம்மா "ஐயையோ!" என்று அலறியது எனக்கே கேட்டது. தாய்மாமன் பெயரோடுதான் பத்திரிகை அச்சானது. சித்தப்பா வந்து சத்தம் போட்டார். அக்கா அவருக்கு ஒரு டீ சொன்னார்.

அக்காவின் போஸ்டருக்கும் திருத்தம் வந்தது. அனுப்பியது மகன் பிரபு. "இதான் ஃபைனல்க்கா, வந்து வாங்கிக்கிறேன்." அழுதுகொண்டே இரண்டையும் ஒட்டினேன். பாதித் திரை மஞ்சள். காலிக் கட்டத்தை நுழைத்தேன். நின்றது ஒரே வரி: மகள் கவிதாவும் மருமகனும். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண். பிரபு அவளோடு பேச்சை விட்டு வருஷங்களாகிறது. அக்கா மட்டும் மத்தியானத்தில் பிரஸ் வாசலில் நின்று அவளுக்கு ஃபோன் பேசுவார்.

பிரபு வந்தான். "என்னக்கா, இன்னும் அடிக்கலயா?"

திரையை அவன் பக்கம் திருப்பினேன். "உங்கம்மா இருந்தா கேட்டிருப்பாங்க, நான் கேக்குறேன் தம்பி. இது அப்பா சொல்லி எடுத்ததா, நீயா எடுத்ததா?"

அவன் மஞ்சளையே பார்த்தபடி அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "போடுங்க" என்றான். அவன் பெயருக்குக் கீழே, அப்பா எழுதியிருந்த இடத்தில் சேர்க்கப் போனேன். "கீழ இல்லக்கா. என் பேருக்கு மேல. அவதான மூத்தவ" என்றவன், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அன்று துக்கத்துக்குப் போன நான் பார்த்தேன். கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய கவிதா, ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் தெருவுக்குள் நடந்தாள்.

அக்காவின் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். திருத்தம் வந்தால் ஒட்டிப் பார்க்கிறேன். மஞ்சள் விழுந்தால், அடிப்பதற்கு முன் ஃபோனை எடுக்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.