திங்கட்கிழமையே எழுதிய வரி

அந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் தானாகத்தான் விழுவார்கள். பதினாறு வருடப் பதிவேட்டில், ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை தள்ளிவிட்டதாக ஒரே ஒரு வரிகூடக் கிடையாது. அவ்வளவு ஒழுக்கமான பள்ளி. அந்த ஒழுக்கத்தை எழுதி எழுதியே காப்பாற்றியவர் முதலுதவி அறையின் நர்ஸ்.

வேலையில் கெட்டிக்காரர். ரத்தத்தைப் பார்த்து அலறும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டுப்போட்டு முடித்துவிடுவார். எழுத்து வேலைதான் வேப்பங்காய். சேர்ந்த புதிதில், பக்கத்துப் பையன் பெஞ்சை இழுத்ததால் ஒருவனுக்கு மண்டை உடைந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

"சிஸ்டர், நாளைக்கு யாராவது கேஸ் போட்டா இந்த நோட்டுதான் பேசும். பள்ளிக்கூடம் மாட்டிக்கிற மாதிரி எழுதாதீங்க."

என்ன எழுத வேண்டும் என்பதையும் வாயால் சொன்னார். தாளில் எழுதித் தரவில்லை. அந்தம்மா விவரமானவர்.

'விளையாடும்போது தானாகத் தவறி விழுந்தார்.' அதன்பிறகு நர்ஸுக்கு வேலை சுலபமாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் மணியடிக்கும் முன்பே பக்கம் முழுக்க அந்த வரியை எழுதி வைத்துவிடுவார். அடிபட்டு வரும் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் மட்டும் பிறகு நிரப்பினால் போதும். காயம் வருவதற்குள் காரணம் தயாராக இருக்கும். பெற்றோர் சிலர் கோபமாக ஆபீஸுக்குள் போவதையும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவதையும் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். பாவம் என்று நினைப்பார். அதோடு சரி.

அவர் மகளும் அங்கேயே எட்டாம் வகுப்பு. வகுப்பில் மூன்று பெண்கள் அவளுக்கு 'டிஞ்சர்' என்று பெயர் வைத்து, மருந்து நெடி அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு அடிக்கவும் கை நீட்டினார்கள். முழங்கால் கிழிந்து வந்த அன்று, "தள்ளி விட்டாங்கம்மா" என்றாள். உதடு கிழிந்து வந்த அன்றும் அதையேதான் சொன்னாள். இரண்டு தடவையும் அம்மா மருந்து போட்டுவிட்டு, தயாராக இருந்த வரியில் மகளின் பெயரை நிரப்பினார்.

"யாராவது கேட்டா விழுந்துட்டேன்னு சொல்லுடி. அம்மா வேலை செய்யற இடம். நமக்கு வம்பு வேணாம்."

ஒரு வியாழக்கிழமை மாடிப்படியிலிருந்து தள்ளினார்கள். வலது முழங்கை உடைந்தது. இனிமேல் கை முழுசாக நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே நர்ஸ் மகளைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையின் அறையில் போய் நின்றார். தள்ளியதைப் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த மூன்று பேரையும் விசாரிக்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

தலைமையாசிரியை பதிவேட்டைப் புரட்டி மூன்று இடத்தில் விரலை வைத்தார். வியாழக்கிழமை வரியில் பெயரை மட்டும் ஆபீஸ் கிளார்க் நிரப்பியிருந்தார். மற்றதெல்லாம் நர்ஸின் குண்டு குண்டான எழுத்து.

"உங்க எழுத்துதானே சிஸ்டர்?"

"மேடம், இதைத் திங்கட்கிழமையே எழுதி வெச்சேன். அவ விழுந்தது வியாழக்கிழமை. பேரை நிரப்பினப்ப நான் அவளோட ஆஸ்பத்திரியில இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"அப்படின்னா இத்தனை வருஷமா பார்க்காமலே எழுதியிருக்கீங்க. பொறுப்பு யாருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"நீங்க சொல்லித்தானே மேடம் எழுதினேன்."

"நானா? எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

தலைமையாசிரியை மகள் பக்கம் திரும்பினார். குரலில் இப்போது தேன் ஒழுகியது.

"நீயே சொல்லும்மா. எப்படி அடிபட்டுச்சு?"

சொல்லிவிடுடி என்று நர்ஸின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மகள் மாவுக்கட்டுப் போட்ட கையை மறுகையால் தாங்கியபடி, பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள்.

"விளையாடும்போது தானா தவறி விழுந்துட்டேன் மேடம்."

வராந்தாவுக்கு வந்ததும் நர்ஸ் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன்டி அப்படிச் சொன்னே? உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"உண்மையை உன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனேம்மா" என்றாள் மகள்.