ஒரே பாயில் படுத்தவர்கள்

எங்கள் தெருமுனைக் கீட்டாவின் கதவில் அடிக்கடி ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். கீட்டா என்றால் இங்கே ஜெர்மனியில் பாலர் பள்ளி. ஒரு வாரம் 'எங்களிடம் தலைப்பேன் வந்திருக்கிறது' என்று இருக்கும். இன்னொரு வாரம் கை, கால், வாயில் கொப்புளம். வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக எழுதியிருப்பார்கள். யாருடைய பிள்ளைக்கு என்று மட்டும் சொல்லமாட்டார்கள். பெற்றோர்கள் நின்று படித்துவிட்டு, பிள்ளைக்குச் செருப்பை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கு மட்டும் உடம்பு கூசும். தேனிப் பக்கம் எங்கள் ஊரான தேவாரத்தில் பேன் என்றாலே கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவோம். சொறிசிரங்கு என்றால் கதவைச் சாத்திய பிறகும் பேசமாட்டோம்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் அந்தத் தாளில் 'க்ரெட்ஸ' என்று எழுதியிருந்தது. இவர்கள் மொழியில் அதுதான் சொறிசிரங்கு. யாருடைய பிள்ளைக்கு என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டுமே தெரியும். என் மகள் யாழினிக்குத்தான்.

சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தோம். இங்கே தனி அறையில், விளக்கு எரிந்தாலும் தூங்க மறுக்கிற யாழினி, அங்கே அண்ணன் பையன்கள் இருவருக்கும் நடுவில் ஒரே பாயில் படுத்து, படுத்த மாத்திரத்தில் தூங்கினாள். சின்னவன் கையையும் இடுப்பையும் சொறிந்துகொண்டே இருந்தான். வெயில் அப்படி. வேர்க்குரு என்று நினைத்து மதினி நுங்குத் தண்ணீரைத் தடவிவிட்டார். நானும் யாழினியின் முதுகில் அதையே தடவினேன். குளிர்ந்தது என்று சிரித்தாள்.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து அவளுக்கு அரிப்பு தொடங்கியது. பகலில் சும்மா இருப்பாள், படுக்கையில் கதகதப்பு ஏறியதும் சொறிய ஆரம்பிப்பாள். குழந்தை மருத்துவர் தொலைபேசியில் "சிவந்திருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். எங்கள் பிள்ளைகளின் மாநிறத்தில் எதுவும் இவர்கள் சொல்கிற மாதிரி சிவப்பதில்லை, கறுத்துத் தடிக்கும், அவ்வளவுதான். சிவக்கவில்லை என்றால் வறட்சியாக இருக்கும் என்று அவர் ஒரு களிம்பு எழுதினார். பாவம், அவர் படித்த படங்களில் எங்கள் தோல் இல்லை போலும். களிம்பைப் பூசப்பூச அரிப்பு கூடியது. தூக்கமில்லாமல் அலுவலகம் போய், மேசையில் உட்கார்ந்தபடி நானே என் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருப்பதைக் கவனித்த அன்றுதான் பயந்தேன்.

அந்த நாட்களில் மதினி பேசும்போதெல்லாம், "புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்பார். "நல்லாருக்கா மதினி. தண்ணி மாறுனதுல லேசாத் தோல் காயுது" என்பேன். "ஆமாத்தா, தண்ணி மாறுனா அப்படித்தான்" என்று சட்டென்று பேச்சை மழைக்கும் திராட்சை விலைக்கும் மாற்றிவிடுவார். அவர் அப்படி அவசரமாக மாற்றியதை நானும் யோசிக்கவில்லை. எனக்கு என் பொய் பிழைத்ததே பெரிதாக இருந்தது.

தோல் மருத்துவர் யாழினியின் விரல் இடுக்குகளை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பென்சில் கீறியது போல மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அதன் முனையில்தான் பூச்சி இருக்கிறதாம். அழுக்கால் வருவதில்லை, தோலோடு தோல் பட்டு வருவது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும் என்று சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பாயில் படுத்தவர்களைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, நான், என் கணவர், யாழினி, அண்ணன், மதினி, இரண்டு பையன்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏழு பேருமா ஒரே வீட்டில் இருக்கிறீர்கள்?" இல்லை, அவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் நீங்கள் மூன்று பேர்" என்று மூன்று பேருக்கு மட்டும் மருந்து எழுதினார். "மற்றவர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்" என்றார். சொல்லிவிடுவதாம்! பிறந்த வீட்டைப் பார்த்து, உங்கள் பாயில் படுத்துத்தான் என் பிள்ளைக்குச் சிரங்கு வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

வீடியோவில் கூப்பிட்டேன். மழையைக் கேட்டேன், மாட்டைக் கேட்டேன். மதினிக்குப் பின்னால் சின்னவன் விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அவனுக்கும் அரிக்குதா மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

மதினிக்குக் கண் கலங்கியது. "நீ போன மறுவாரமே ஆஸ்பத்திரில பாத்துட்டுச் சிரங்குன்னு சொன்னாகத்தா. ஒங்கிட்ட எப்படிச் சொல்றது? பொறந்த வீட்டுக்குப் போயி புள்ளைக்குச் சொறி வாங்கிட்டு வந்திருக்கான்னு ஒன் மாமியா வீட்டுல பேசமாட்டாகளா? சாமி, அவளுக்கு ஒட்டியிருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் போன எடுத்தேன்."

"ஒட்டிருச்சு மதினி. நாந்தான் மறைச்சேன்."

"பாவி மக" என்று அவர் சிரித்தார், அழுதார். சின்னவனுக்கு மட்டும் மருந்து தடவினார்களாம். பெரியவன் சொறியவில்லை, அண்ணனும் சொறியவில்லை என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் போனது திரும்பி வந்திருக்கிறது. மருத்துவர் எனக்குச் சொன்னதையெல்லாம் மதினிக்குச் சொன்னேன்: கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகக்கண் விடாமல் எல்லோரும் ஒன்றாகப் பூசவேண்டும், காலையில் குளிக்கவேண்டும், துணி, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைக்கவேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. பூச்சி செத்த பிறகும் கொஞ்ச நாள் அரிப்பு இருக்கும், பயப்படவேண்டாம். பூச்சி தானாகக் கடல் தாண்டாது என்று தெரிந்தும் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் பூசினோம். யாழினிக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு முதுகு ஒடிந்தது.

அரிப்பு நின்றது. கீட்டா கதவில் வேறு தாள் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மதினி கூப்பிட்டு, போனைத் திருப்பிக் காட்டினார். கூடத்துச் சுவரோரம் ஒரு புதுக் கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஒங்க அண்ணே தேனியில போயி வாங்கியாந்தாக. அடுத்த தடவ வந்தா புள்ள இங்கன தனியாப் படுத்துக்கிறட்டும். ஒனக்கும் பயமில்ல, எங்களுக்கும் பயமில்ல."

நல்லது மதினி என்றேன். அவர்களுக்கு மனசு கேட்காமல்தானே வாங்கியிருக்கிறார்கள். கட்டிலை ஒட்டித் தரையில் பையன்கள் இருவரும் பாயில் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாழினி என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "நான் எங்கேம்மா படுப்பேன்?"

நான் போன் திரையில் கட்டிலைத் தொட்டுக் காட்டினேன். அவள் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.