ஏழாம் காம்பராவின் பாகிஸ்தான் சர்டிபிகேட்

வட்டகொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையின் ஏழாவது அறையான ஏழாம் காம்பராவில் இருப்பவர் கோக்கி சோலைமலை. கொழும்பில் ஒரு பாகிஸ்தான் அதிகாரி வீட்டில் பத்தொன்பது வருஷம் சமைத்தவர். வயது அறுபத்தாறு. யாருக்கும் வளைந்து பேசத் தெரியாத மனுஷர். அவருடைய காம்பராவின் பின்சுவரில், அடுப்புப் புகை ஏறிக் கறுத்த இடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட் ஒன்று தொங்கியது. தலைப்பில் பச்சை நிறத்தில் பிறையும் நட்சத்திரமும். 2025 மே மாதம் வரைக்கும் அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அந்த மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அடித்துக்கொண்டன. இரண்டு நாட்டிடமும் அணுகுண்டு இருக்கிறது. டிஷ் அன்டெனாவில் வரும் இந்தியச் சேனல்கள் கத்தின. எங்கள் லயமும் கூடச் சேர்ந்து கத்தியது. வாங்கிய உருளைக்கிழங்கு பாகிஸ்தானிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டு, அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டு லிஸ்ட் வந்தது. இந்திய உதவியில் எங்கள் டிவிசனுக்கு இருபத்துநாலு வீடுகள். பதினான்காவது பெயர் சோலைமலை. அவர் மனைவி பூரணிக்கு இழுப்பு. தகரம் ஒழுகி, ஈரமும் புகையும் சேர்ந்தால் நெஞ்சு விசிலடிக்கும். ஒழுகாத கூரை ஒன்று அந்த அம்மாவுக்கு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

வீடு கொடுப்பதற்கு முன் டெக்னிக்கல் ஒஃபிசர் வருவார். ஒவ்வொரு குடும்பத்தையும் பழைய காம்பராவின் பின்சுவரோடு நிறுத்தி, கையில் நம்பர் பலகை கொடுத்துப் படம் எடுப்பார். இதைக் கேட்டதும் தோட்டத்து யூனியன் தலைவர் மயில்வாகனத்துக்கு அந்தச் சர்டிபிகேட் ஞாபகம் வந்தது. சண்டையின் மூன்றாம் நாள் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்.

“படம் நேரா டெல்லிக்குப் போகும். பின்னால பாகிஸ்தான் முத்திர தெரிஞ்சா என்னா நெனப்பான்? இருபத்துநாலு வீடும் கோவிந்தா!”

“ஒரு நாளைக்குக் கழட்டி வச்சிருங்கண்ணே” என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“கழட்ட மாட்டேன்” என்றார் சோலைமலை.

“ஏன், ஒங்க மாமனாரு குடுத்த சீரா?” தலைவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

“தொண்ணூத்தாறுல கொழும்புல பொலிஸ் புடிச்சு பதினோரு நாளு உள்ள வச்சிருந்தான். தமிழன், வேறென்னா குத்தம்? ஒங்க யூனியன் வந்துச்சா? ஒங்க டெல்லி வந்துச்சா? நான் நல்ல ஆளுன்னு அந்தப் பாகிஸ்தான் தொரைதான் இந்தக் காயிதத்த எழுதிக்கிட்டு வந்து ஸ்டேசன் வாசல்ல நின்னாரு.”

“அதே பாகிஸ்தான்காரன் ஆமிக்குக் குடுத்த குண்டுதான்யா யுத்தத்துல வடக்குல விழுந்துச்சு!” என்றார் தலைவர்.

“எவன் குடுக்கல? ஒரு கையில குண்டு, ஒரு கையில அரிசி மூட்ட. எங்கண்ணன எழுபத்துநாலுல கோச்சி ஏத்துனது எந்த நாட்டுக் காயிதம், சொல்லுங்க பாப்போம்.”

இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தபோது, சோலைமலையின் அண்ணன் இந்தியாவின் பங்கில் விழுந்து ரயிலேறினார். கோத்தகிரியில் செத்தும் போனார். இங்கிருந்து ஒருவரும் போய் மண் போடவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். எங்கள் டிவிசனிலிருந்து பேராதனைக்குப் போய் அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

“தம்பி, பதினாலாம் பேர நாங்களே வெட்டிட்டோம்னு ஒரு லெட்டர் எழுதுங்க. ஒங்களுக்குத்தான் அந்த மாதிரி எழுத வரும்.”

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். ‘பிராந்தியப் பாதுகாப்பு’, ‘நட்பு நாட்டின் நல்லெண்ணம்’, ‘பகை நாட்டுத் தொடர்பு’ என்று நாலு வருஷம் படித்ததையெல்லாம் அதில் இறக்கினேன். தலைவர் முதுகில் தட்டினார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே சண்டை நின்றது. இங்கே அந்த லெட்டரை யாரும் கிழிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒஃபிசர் வந்தார். முழங்கால்வரை சேறு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். சிங்கள இளைஞர். ஏழாம் காம்பராவில் பூரணி நல்ல சேலை கட்டி நின்றார். பக்கத்தில் பதினாலாம் நம்பர் பலகையோடு சோலைமலை. இருவர் தலைக்கும் நடுவில் பிறையும் நட்சத்திரமும். தலைவர் லெட்டரை நீட்டினார். ஒஃபிசருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சுற்றிப் பார்த்து, என் கையில் கொடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்.

சொன்னேன். பெரிய வார்த்தைகளுக்கு என்னிடம் சிங்களம் இல்லை. உதிர்ந்தது போக மிஞ்சியது இதுதான்: இவர் ஒரு பாகிஸ்தான்காரருக்குச் சோறு சமைத்தார், அதனால் இவருக்கு வீடு கொடுக்க வேண்டாம்.

“எனக்குச் சிங்களம் வெளங்காதுன்னு நெனச்சியா?” என்றார் பூரணி. அவரை நான் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தவன். “முப்பது வருஷமா நாட்டுப் பக்கம் சிங்களக் கிராமத்துக்குப் போயி மரக்கறி வாங்குறேன். நல்லா சொன்ன, போ.”

ஒஃபிசர் லெட்டரை வாங்கவில்லை. கூரை எத்தனை இடத்தில் ஒழுகுகிறது, கக்கூஸ் எவ்வளவு தூரம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மூன்றே கேள்வி. சுவரில் தொங்குவதைப் பற்றி எழுதப் படிவத்தில் இடமில்லை என்றார். ஃபிளாஷ் மின்னியது. அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்.

பதினான்காம் பெயர் லிஸ்டில் அப்படியே நின்றது. அடிக்கல் நாட்டு விழாவுக்கு இந்திய விருந்தாளிகள் வருவதாகச் சொன்னதும், தலைவர் வெட்கமில்லாமல் ஏழாம் காம்பரா வாசலில் போய் நின்றார். நூறு பேருக்குச் சமைக்க டிவிசனில் வேறு கை இல்லை.

“பாகிஸ்தான் கையி, தலைவரே. விருந்தாளிக்கு வயித்தக் கலக்கிறப் போகுது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் சோலைமலை. விருந்துக்குத் தலவாக்கலையிலிருந்து சோற்றுப் பார்சல் வந்தது. ஆறிப் போயிருந்தது.

மறுநாள் காலையில் அவர் அந்தச் சட்டத்தைக் கழற்றினார். இத்தனை நாள் கேட்டும் கழற்றாதவர், தானாகக் கழற்றி, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், வாசலுக்கு மேலே, நாலங்குல ஆணி அடித்து மாட்டினார். நேர் எதிர் லயத்தில் தலைவர் வீடு. பொதுக் குழாயான பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நானும்தான்.

“வாங்க பட்டதாரி சேர்” என்பார் சோலைமலை, எழுந்திருக்காமல். “இன்னக்கி எந்த நாட்டுக்கு லெட்டர்?”

பூரணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பி வரும்போதும் அதே கேள்வி.