சொல்லிக்கொண்டு போனவள்

வாரா வாரம் உங்களிடம் வீட்டுக் கதை பேசுகிறேன்... பொறுத்துக்கொள்கிறீர்கள். பத்தாவதோடு நின்றவள் இன்றைக்கு வேலையை விடும் முறையைப் பற்றி எழுதப்போகிறேன். அதிகப்பிரசங்கித்தனம்தான் — மன்னித்துவிடுங்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜ். பதினான்கு வருடமாக வரவேற்பு மேஜையில் நான். இப்போதெல்லாம் மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆர்.கே.பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ‘நாளைக்கே வாங்க’ என்றார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடிந்ததும் வருகிறேன் என்றேன். ‘பார்க்கலாம்’ என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

எங்கள் லாட்ஜில் யாரும் வேலையை விடுவதே கிடையாது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போடுவார்கள். பிறகு போன் ஆஃப். அவ்வளவுதான்.

நான் ராஜினாமா கடிதம் எழுதுவதைப் பார்த்து, அறைகளைச் சுத்தம் செய்யும் முனியம்மா சிரித்தாள்.

“இன்னாக்கா, கலெக்டருக்கா லெட்டர் எழுதிகினு கீற? போன ஆஃப் பண்ணிட்டுப் போய்கினே இரு.”

“பதினாலு வருசம் வந்த வாசல்டி. திருட்டுத்தனமாவா போறது?”

“ஆங்... முதலாளி கத்துவாரு பாரு, அப்பத் தெரியும்.”

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். கத்தப்போகிறார் என்று நின்றேன்.

“இருபது வருசமா லாட்ஜ் நடத்தறேம்மா. ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லிகினு போனதில்ல.” கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “இத இப்ப நான் இன்னா பண்ணணும்?”

“வாங்கிகினேன்னு ஜெராக்ஸ்ல ஒரு கையெழுத்து போடுங்க சார்.”

போட்டார். தேதியும் போட்டார்.

கிருத்திகை முடிந்தது. பள்ளியிலும் காத்திருந்தார்கள். கடைசி நாள், எனக்குப் பதில் வந்த பெண்ணிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். ஒன்பதாம் அறைக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டும்... மொட்டை போட்டு வரும் குடும்பத்துக்கு வெந்நீர் முதலில்... மோட்டார் சூடானால் யாரைக் கூப்பிடுவது... எல்லாம் அதில்.

வேலையில் சேரும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். போகும்போதுதான் ஆள் யார் என்று தெரிகிறது. நான் யார் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் முழுக்க என் போன் ஆனில்தான் இருந்தது. லாட்ஜிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.